ஓட்டத் தெரிந்தவர்

ஜூன் 3, திங்கள்

வேலையை விட்டு இன்றோடு அறுபத்து நான்கு நாள். காப்பீட்டு நிறுவனத்தில் பத்தொன்பது வருடம் விபத்து விசாரணை அதிகாரியாக இருந்த குழந்தைவேல், ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத் தருகிறான் என்று யாராவது சொன்னால் நானே நம்பியிருக்க மாட்டேன். இதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது, தோண்டிப் பார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முகூர்த்த நாட்கள் தவிர மற்ற நாட்களில் காலை ஆறு முதல் எட்டரை வரை மண்டபத் திடல் எனக்கு. பழைய ஸ்கூட்டர்கள் இரண்டு, ஹெல்மெட் நான்கு. இன்று வள்ளியம்மாள் இரண்டு கால்களையும் மேலே தூக்கி வைத்துவிட்டார். தையல் கடை வைத்திருப்பவர், ஐம்பத்திரண்டு வயது. ஒன்பது நாளாகக் காலைத் தரையில் உரசிக்கொண்டே போனவர், இன்று பாதித் திடலில் திடீரென்று எடுத்துவிட்டார். "அண்ணா, ஓடுதுங்ணா! தானா ஓடுதுங்ணா!" என்று கத்திக்கொண்டே போனார். நான் கூடவே ஓடினேன். மூச்சு வாங்கியது. பழைய வேலையில் நான் ஒரு வீட்டு வாசலுக்குப் போனால் உள்ளே இருப்பவர்கள் முகம் சுருங்கும். இங்கே என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டை மாட்டுகிறார்கள்.

என் மனைவி மகேஸ்வரி, வேலை பார்க்கும் தபால் நிலையத்திலிருந்து வர இருபது நிமிடம் தாமதம். பஸ் வரவில்லை என்றாள். எந்த பஸ் என்று கேட்டேன். சொன்னாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜூன் 5, புதன்

புதிதாக ஒருவர். ரேணுகா, முப்பத்தெட்டு வயது, சூரம்பட்டிப் பக்கம். வள்ளியம்மாள் அழைத்து வந்தார்.

"இதுக்கு முன்னாடி வண்டி தொட்டிருக்கீங்களா?"

"இல்லீங்ணா. தொட்டதே இல்லீங்."

ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்கச் சொன்னேன். புதிதாக வருகிறவர்கள் இரண்டு கையாலும் இழுத்துத் திணறுவார்கள். இவர் ஹேண்டிலை லேசாகப் பிடித்து, இடுப்பைச் சீட்டில் சாய்த்து, ஒரே தள்ளில் இறக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வலது முழங்கையில் தழும்பு. தார் ரோட்டில் தேய்ந்தால் வரும் தழும்பு. அதைப் போல நானூறு புகைப்படமாவது கோப்புகளில் பார்த்திருப்பேன்.

ஜூன் 6, வியாழன்

பிரேக் பிடிக்கும்போது ஆக்சிலேட்டரைத் தானாகவே விட்டுவிட்டார். இரண்டாம் நாளில் யாரும் அப்படி விடுவதில்லை.

ஜூன் 10, திங்கள்

தடுமாறுவது போல் நடிக்கிறார். பழகாதவர்களின் தடுமாற்றம் தோளில் ஆரம்பிக்கும். இவருடையது மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. ஒன்று மட்டும் இதில் சேரவில்லை. மெயின் ரோட்டில் லாரி ஹாரன் அடித்தால் சட்டென்று நிறுத்தி இரண்டு காலையும் ஊன்றிவிடுகிறார். லாரி போய் வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி எடுக்கிறார். மற்றவர்கள் யாரும் அந்த ஹாரனைக் கவனிப்பதுகூட இல்லை.

ஓட்டத் தெரிந்த ஒருவர் தெரியாது என்று சொல்லி ஏன் வர வேண்டும்? முன்பு ஓர் ஊரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் இதே மாதிரி ஒரு பெண் சேர்ந்தார். மூன்றாவது வாரம் விழுந்தார். வலி, வக்கீல் நோட்டீஸ், எல்லாம் முன்பே எழுதி வைத்தது போல் வரிசையாக வந்தன. கண்டுபிடித்தது நான்தான். இங்கே இவர் விழுந்தால் திடலும் போகும், பெயரும் போகும். இல்லை, பழைய ஆபீசில் எனக்கு வேண்டாதவர்கள் யாராவது அனுப்பினார்களா?

மகேஸ்வரியிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"பழக வந்தவங்களப் பழக்கி உடுங்க. அவங்க யாரா இருந்தா உங்களுக்கென்ன?"

எனக்கு என்ன என்று அவளுக்குப் புரியவில்லை.

ஜூன் 13, வியாழன்

ரேணுகாவிடம் ஆதார் நகல் கேட்டேன். புது விதி என்றேன். வள்ளியம்மாள், "எங்ககிட்ட கேக்கவே இல்லியேங்ணா" என்றார். உங்களிடமும் கேட்பேன் என்று சொன்னேன். கேட்க மறந்துவிட்டது.

ஜூன் 15, சனி

நகல் கொண்டுவந்து கொடுத்தார். முகவரி சூரம்பட்டிதான், அதில் பொய் இல்லை.

மாலையில் பால் வாங்கிக்கொண்டு அந்தத் தெரு வழியாக வீட்டுக்கு வந்தேன். கொஞ்சம் சுற்றுத்தான். நடை உடம்புக்கு நல்லது. மாடி இல்லாத வீடு, பச்சைக் கேட். வாசலில் வண்டி எதுவும் இல்லை. ஆனால் சிமெண்டுத் தரையில் ஸ்கூட்டர் ஸ்டாண்டு நின்று நின்று விழுந்த இரண்டு குழி இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது வள்ளியம்மாள் கேட்டார்: "ஏனுங்ணா அந்த வேலைய உட்டீங்க? நெழல்ல உக்காந்து பாக்கற வேலைதானுங்?"

"கழுத்து வலிங்."

கழுத்து வலி உண்மைதான். டாக்டர் சீட்டு இருக்கிறது.

கடைசியாக நான் பார்த்த கேஸ் ஒரு லோடுமேனின் மனைவி. விபத்து நடந்த அன்று கணவர் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று ஐந்து விதமாகக் கேட்டேன். நான்கு முறை ஒரே பதிலைச் சொன்ன அந்தப் பெண், ஐந்தாவது முறை, "நீங்க எதச் சொன்னா போயிருவீங்களோ அதையே எழுதிக்குங்க சாமி" என்றார். எழுதிக்கொண்டேன். முரண்பட்ட வாக்குமூலம் என்று குறித்தேன். அதற்கும் நான் வேலையை விட்டதற்கும் சம்பந்தமில்லை.

எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். பேச்சுக்கு நடுவில் ஒரு சொல்லை வேண்டுமென்றே நழுவவிட்டுவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். வாய் மறைப்பதை முகம் சொல்லிவிடும். பத்தொன்பது வருடத்தில் என் வாய் தானாகத் தவறியது ஒருநாளும் இல்லை.

மகேஸ்வரி இன்றும் இருபது நிமிடம் தாமதம். நேற்றும்.

ஜூன் 21, வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் பதினொரு மணிக்குக் கோயிலுக்குப் போவதாக ரேணுகா வள்ளியம்மாளிடம் சொன்னது காதில் விழுந்திருந்தது. பழைய தோல் பையை எடுத்துக்கொண்டு பதினொன்றேகாலுக்குப் பச்சைக் கேட்டைத் தட்டினேன். ஒரு பாதுகாப்புக்குத்தான். தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

வயதான அம்மா ஒருவர் வந்தார். ரேணுகாவின் மாமியார், பெயர் ருக்குமணி. சாலை விபத்துகள் பற்றி வீடு வீடாகக் கணக்கெடுக்கிறோம் என்றேன். அவர் அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை.

"வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க தம்பி" என்று ஃபேனைப் போட்டார். மோர் கொண்டுவந்தார், பெருங்காயம் போட்டு.

வீட்டில் யாராவது விபத்தில் அடிபட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார். மாலை போட்ட படம். இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண்.

"என்ற மக சுதா. ரெண்டு வருசமாச்சுங். அண்ணிகாரியும் அவளும் ஒரே வண்டியில ஜவுளிக்கடைக்குப் போனாங்க. பின்னாடி வந்த லாரி இடிச்சுப்போட்டான். மருமவ கையி காலு தேஞ்சதோட பொழச்சுக்கிட்டா. எம்மவ அங்கயே..."

"வண்டிய ஓட்டினது யாருங்க?"

"மருமவதான். ரேணுகா. அவ மேல தப்பில்லீன்னு போலீசே எழுதீட்டாங்க. நானும் ஒரு வார்த்த சொன்னதில்ல தம்பி. ஆனா ஒண்ணு கேட்டனுங். இனி வண்டியத் தொடாத சாமின்னு கேட்டேன். என்ற கையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுத்தா. அன்னைக்கே வண்டிய வித்தாச்சு. இப்ப எங்க போனாலும் நடையும் பஸ்ஸுந்தான். காலையில யோகா வகுப்புக்குப் போறா, அதும் நடந்துதான்."

எல்லாம் சேர்ந்துவிட்டது. ஸ்டாண்டிலிருந்து இறக்கிய லாவகம், தழும்பு, ஹாரன். யாரும் அவரை அனுப்பவில்லை. எழுந்து வந்திருக்கலாம்.

"யோகாங்களா? காலையில மண்டபத் திடல்ல ஸ்கூட்டர் ஓட்டிட்டிருக்காங்களே" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அந்த அம்மா கையிலிருந்த சொம்பு சாய்ந்தது. மோர் சேலையிலும் தரையிலும் கொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

ரேணுகா வரவில்லை.

ஜூன் 24, திங்கள்

வரவில்லை. வண்டிகளுக்கு ஆயில் மாற்றினேன்.

ஜூன் 26, புதன்

வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

ஜூன் 28, வெள்ளி

வள்ளியம்மாள் இன்று வண்டியில் ஏறவே இல்லை. சீட்டில் கை வைத்தபடி நின்றுகொண்டு சொன்னார்.

"அந்தப் புள்ளைய அம்மா ஊட்டுக்கு அனுப்பீட்டாங்கண்ணா. கோபிக்கு. எவனோ கணக்கெடுக்க வந்தவன் போட்டுக் குடுத்துட்டானாம். மாமியா நாலு நாளா சோறு திங்கலியாம். செத்துப்போன மவ படத்த எடுத்து மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குதாம். புருசன்காரன் திருப்பூர்ல இருந்து வந்து, 'ஏன்டி எங்கம்மாகிட்டப் பொய் சொன்ன'ன்னு ஒரே சத்தம்."

"அவங்களுக்கு முன்னாடியே ஓட்டத் தெரியுமாமே" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"பத்து வருசமா ஓட்டுனவ அண்ணா. அந்த விபத்துக்கு அப்பறம் ஹேண்டில்ல கை வெச்சாலே நடுங்குது. ரத்தம் எடுக்கற லேப்புல வேல கெடச்சுது, ஊடு ஊடாப் போயி எடுத்துட்டு வரணும், வண்டி ஓட்டோணும். அதுக்குத்தான் வந்தா. தெரியாதுன்னு ஏன் சொன்னன்னு நானே கேட்டேன். 'தெரியும்னு சொன்னா அப்பறம் ஏன் பயப்படறேன்னு கேப்பாங்கக்கா. அதுக்கு சுதாவப் பத்திச் சொல்லோணும். என்னால முடியாது. தெரியாதவளாட்ட மொதல்ல இருந்து ஆரம்பிச்சுக்கறேன்'னா. இன்னும் பத்து நாள்ல கை நடுங்கறது நின்னிருமுன்னு சொல்லீட்டே இருந்தா."

நான் ஒரு வண்டியின் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சரியாக இருந்த கண்ணாடி.

"அந்தக் கணக்கெடுக்க வந்தவன் நல்லாவே இருக்க மாட்டாண்ணா" என்றார் வள்ளியம்மாள்.

ஜூன் 30, ஞாயிறு

மகேஸ்வரியிடம் சொன்னேன். எல்லாவற்றையும். பால் வாங்கிக்கொண்டு சுற்றி வந்ததைக்கூட. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"வேலையத்தான் உட்டீங்க. பார்வைய உடல."

உரித்த வெங்காயத்தை ஓரமாகத் தள்ளினாள்.

"நான் ஏன் தெனமும் லேட்டா வர்றேன்னு உங்களுக்குத் தெரியோணும். அதானே? கேளுங்க. பஸ்ஸு கரெக்ட்டாத்தான் வருது. நான் எறங்கி, ஸ்டாப்புல இருக்கற பெஞ்சில உக்காந்திருப்பேன். இருபது நிமிசம். சும்மா. ஊட்டுக்குள்ள வந்தா எங்க போன, யாரப் பாத்த, எந்த பஸ்ஸுன்னு ஆரம்பிப்பீங்க. அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேக்காம இருக்கலாம்னு."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"எத்தன விதமா சொல்லட்டும்?"

பிறகு கத்தியை எடுத்து மறுபடி உரித்தாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தாலா என்று யோசித்தேன். யோசித்ததற்காக எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

வகுப்பை ரத்து செய்துவிட்டுக் கோபிக்கு பஸ் ஏறினேன். வள்ளியம்மாளிடம் முகவரி வாங்கும்போது கணக்கெடுக்கப் போனவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் முகவரியைச் சொன்னார். அண்ணா என்று கூப்பிடவில்லை.

ரேணுகா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "நீங்க எப்படிங்ணா இங்க?" என்று சிரித்தார். சிரித்ததுதான் தாங்கவில்லை. நின்றபடியே சொன்னேன். கணக்கெடுக்க வந்தது நான் என்று.

கொஞ்ச நேரம் ஈரத்துணி கையிலேயே இருந்தது.

"ஏனுங்?"

"நீங்க யாரோ அனுப்பி வந்தவங்கன்னு நெனச்சேன். கீழ விழுந்துட்டு கேஸ் போடுவீங்கன்னு நெனச்சேன்."

"அத்தைகிட்டப் பேசுனப்பவே அப்படியில்லன்னு தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது."

"அப்பறமும் ஏன் சொன்னீங்க? வாய் தவறிப்போச்சுங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நாட்குறிப்பில்கூட அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

"இல்லீங்க. அவங்க மொகம் எப்படி மாறுதுன்னு பாக்கத்தான் சொன்னேன்."

அவர் துணியைக் கொடியில் போட்டார். இரண்டு கையாலும் நீவி விட்டார். விளிம்பைச் சரி செய்தார்.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமுங்ணா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். "ஆனா நீங்க கேக்காம இருந்திருந்தா, என்னைக்காச்சும் ஒருநா நானே சொல்லியிருப்பேன். திடல்ல மட்டுந்தான் யாரும் என்னையப் பாவமாப் பாக்கல. அதுக்காகவே வெரசா எந்திரிச்சு வருவேன்."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை.

ஜூலை 3, புதன்

பச்சைக் கேட். ருக்குமணி அம்மாதான் வந்தார். மெலிந்திருந்தார். தோல் பை இல்லாமல் போயிருந்தேன். நான் கணக்கெடுப்பவன் இல்லை, ஸ்கூட்டர் பழக்குபவன் என்றேன். உங்கள் மருமகள் உங்களை ஏமாற்ற வரவில்லை, கை நடுக்கம் நிற்பதற்காக வந்தார் என்றேன். லாரி ஹாரன் கேட்டால் எப்படி நிறுத்திக் காலை ஊன்றுவார் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அவர் யாரை நினைத்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை என்றும் சொன்னேன்.

அவர் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்டார். நான் பேசி முடித்த பிறகு ஒன்றுதான் சொன்னார்.

"வெயில்ல வந்திருக்கியேன்னு மோர் குடுத்தனே தம்பி உனக்கு."

உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. திறந்த கதவு வழியாக ஃபேன் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

ஜூலை 8, திங்கள்

வள்ளியம்மாள் வந்தார். கொஞ்சம் ஆறுதல். "எட்டு போடக் கத்துக் குடுங்க, லைசென்ஸ் எடுக்கோணும்" என்றார். மற்ற பேச்சு இல்லை.

ஜூலை 11, வியாழன்

மகேஸ்வரி ஏழரைக்கு வந்தாள். எந்த பஸ் என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டோம். ரசம் நன்றாக இருந்தது.

ஜூலை 19, வெள்ளி

வள்ளியம்மாள் தானாகவே சொன்னார்: "மாமியா போன் பண்ணி வரச் சொல்லிருச்சாமுங்." அந்த லேப் வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டதாம். கோபியில் தம்பி மனைவியின் வண்டியை வாங்கி ரேணுகா தினமும் ஓட்டிக்கொண்டிருந்தாராம்.

யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. "எட்டோட வளைவுல வேகத்தக் கொறைங்க" என்றேன்.

ஜூலை 29, திங்கள்

ஏழு மணி இருக்கும். திடல் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஹெல்மெட்டுக்குள் ரேணுகா. சூரம்பட்டியிலிருந்து மெயின் ரோடு வழியாக வந்திருக்கிறார். வண்டி கோபிப் பதிவு எண்.

இறங்கவில்லை. "ஒருக்கா எட்டு போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

கல் அடுக்கி வைத்த கோட்டில் போட்டார். ஒரு கல்லையும் தொடவில்லை. இரண்டாவது சுற்றின் நடுவில் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்தது. வண்டி மெதுவானது. இடது கால் தரையை ஒருமுறை தொட்டது. பிறகு மேலே போய்விட்டது. வள்ளியம்மாள் கையைத் தட்டினார். நான் தட்டவில்லை, என் கை மார்பின் மேல் இருந்தது.

என் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"அத்தைகிட்டச் சொல்லீட்டுத்தான் வந்தேன். ஓட்டப் போறேன்னு மொகத்துக்கு நேராச் சொன்னேன். இன்னும் பேச மாட்டேங்கறாங்க. சோறு மட்டும் போட்டு வெக்கறாங்க. வாசல்ல வண்டி நின்னா அந்தப் பக்கம் திரும்பிக்கறாங்க."

"வேற வேல?"

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. அவரும் கவனித்தார்.

"தேடிட்டிருக்கனுங்" என்றார்.

"திடலுக்கு மறுபடி வாங்க" என்றேன். "பழக இல்ல. சும்மா."

"இல்லீங்ணா" என்றார். கோபம் இல்லை குரலில். ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டு, வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, மெயின் ரோட்டில் ஏறிப் போனார். அடுத்த திருப்பம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் கண்டுபிடிக்க அல்ல.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று இருவர் காலைத் தூக்கினார்கள். ஒருவர் செடியில் மோதினார், அடி இல்லை.

எட்டு மணிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். பெயர் கேட்டேன். சற்று யோசித்தார், வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பிறகு சொன்னார். அவர் சொன்ன பெயரையே எழுதிக்கொண்டு ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தேன்.